வேர்க்காத வெயில்

வேர்க்கவில்லை. முதுகுப் பக்கம் கைவிட்டுப் பார்த்தேன், பிடரியைத் தடவிப் பார்த்தேன், அக்குளில்கூட ஈரமில்லை. காலையில் மங்கை இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கிறது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம். டி.வி.யில் அந்தப் பெண் இந்த அரிசோனா முழுவதையும் படத்தில் சிவப்பாக்கிக் காட்டினாள், பருவத்துக்கு முன்பே வெப்ப அலையாம், இது பாலைவனம் என்பதை மறந்துவிடாதீர்களாம், பகலில் வெளியே போகாதீர்களாம், வயதானவர்கள் ஜாக்கிரதையாம். வயதானவர்கள் என்றதும் மங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் இட்லியில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன். நூற்றி மூன்று டிகிரி. நூற்றி மூன்று என்றால் எங்கள் ஊரில் காய்ச்சலுக்குத்தான் பயப்படுவோம், வெயிலுக்கு யார் பயந்தார்கள். வெயில் சதமடித்தது என்று பேப்பரில் போடுவான், திருத்தணி, வேலூர், கடலூர் என்று வரிசையாகக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போடுவான், அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போவோம். அதுவும் இன்னும் பங்குனியே முடியவில்லை, கத்திரி தொடங்க ஒரு மாதம் கிடக்கிறது, கத்திரி தொடங்காமல் என்ன பெரிய வெயில் வந்துவிடப் போகிறது. "அப்பா, இது நம்ம ஊரு வெயில் மாதிரி இல்லப்பா, இது வேற" என்றாள் மங்கை. "வேறன்னா என்னம்மா, இங்க வேற சூரியனா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நான் இப்படி ஏதாவது சொன்னால் சிரிப்பாள். இப்போது டாக்டர் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். எனக்கு அந்தப் பார்வைதான் பிடிக்கவில்லை.

அந்தப் பார்வைக்காகத்தான் கிளம்பி வந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. அவள் அறையில் மீட்டிங்கில் உட்கார்ந்ததும் பூனை மாதிரி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன், எழுபத்தொரு வயதில் பெற்ற பெண்ணுக்குப் பயந்து பூனை மாதிரி வெளியே வர வேண்டியிருக்கிறது, என் பெண்டாட்டி விசாலம் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். செல்போனை வேண்டுமென்றே சார்ஜரிலேயே விட்டுவிட்டேன். அதைக் கையில் வைத்திருந்தால் நான் எந்தத் திருப்பத்தில் நிற்கிறேன் என்று அவள் போனில் புள்ளி தெரியுமாம், நான் என்ன புள்ளியா. விஷயம் டிக்கெட். மே கடைசியில் எனக்குத் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது. விசாலம் போன பிறகு ஆறு மாதம் வந்து இருங்கப்பா என்றாள், வந்தேன், நாலு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது. இவள் இப்போது டிக்கெட்டைத் தள்ளிப் போடலாம் என்கிறாள். தள்ளிப் போடுவது என்றால் எனக்குத் தெரியாதா, அப்புறம் கிரீன் கார்டு என்பாள், அப்புறம் வீட்டை வாடகைக்கு விடலாம் என்பாள். "உங்களத் தனியா அங்க விட்டுட்டு நான் இங்க எப்படிப்பா இருப்பேன்?" இதையே காலையிலும் சொன்னாள். நேற்று குழாயை மூடாமல் விட்டதைச் சொன்னாள், போன வாரம் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டதைச் சொன்னாள், எல்லாவற்றையும் எனக்கு எதிராகச் சேர்த்து வைத்திருக்கிறாள். அதனால்தான் இன்றைக்கு, ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் இந்த நாளில், ஒரு சுற்று போய்விட்டு அவள் மீட்டிங் முடிவதற்குள் வந்து சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும், வாக்கிங் போயிட்டு வந்துட்டேன்மா என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும். தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கிளம்பும்போது தண்ணீர் குடிக்கவில்லை, அதுவும் வேண்டுமென்றேதான். நீர் மாத்திரை வேறு போடுகிறேன், குடித்தால் அரை மணிக்கு ஒரு தரம் ஒதுங்க வேண்டும், இந்த ஊரில் எந்தச் சுவரோரம் ஒதுங்குவது, எல்லாச் சுவரிலும் கேமரா வைத்திருக்கிறான். அமெரிக்காவில் வாக்கிங் போகும் எங்கள் ஊர்க் கிழவர்கள் யாரும் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவதில்லை. பார்க்கில் பார்க்கும் நெல்லூர்க்காரரும் இதையேதான் சொன்னார்.

இந்த வீட்டை ஏற்கெனவே பார்த்தோமா. மண் நிறச் சுவர், ஓட்டுக் கூரை, பெரிய கார் கொட்டகைக் கதவு, முன்னால் புல்லுக்குப் பதில் சரளைக்கல், ஓரத்தில் ஒரு கள்ளி. எல்லா வீடும் இப்படித்தான். மங்கை வீட்டுக்கு முன்னால் எலுமிச்சை மரம் இருக்கிறது, அதுதான் எனக்கு அடையாளம். இரண்டாவது திருப்பத்தில் வலது பக்கம் திரும்பினேன், அங்கே ரோடு போடுகிறார்கள் என்று கயிறு கட்டியிருந்தான், சுற்றிக்கொண்டு போகலாம் என்று அடுத்த தெருவில் நுழைந்தேன், அங்கிருந்து மறுபடி வலது, அப்புறம் வளைந்த தெரு. நேர்த் தெரு போட்டால் இவர்களுக்கு என்ன கெட்டுவிட்டது. மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் ரீடிங் எடுத்தவன் நான், கடலூரில் நான் நுழையாத சந்து இல்லை, திருப்பாதிரிப்புலியூரில் எந்த வீட்டு மீட்டர் கோழிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிறது, எந்த வீட்டு மீட்டரில் ஓணான் குடியிருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன், எனக்கா தெரு தெரியாது. கதவைத் தட்டி "ஈபி" என்று ஒரு குரல். அவ்வளவுதான், கதவு திறக்கும். "வாங்க சார், மோர் குடிக்கிறீங்களா" என்று கேட்காத வீடு குறைவு, யூனிட் கூடிப்போச்சே என்று சண்டை பிடிப்பவர்கள்கூடத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை பிடிப்பார்கள். இங்கே மீட்டர் தானே கணக்கெடுத்து தானே அனுப்பிவிடுகிறதாம், மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார், மாப்பிள்ளை வாரத்தில் நான்கு நாள் வேறு ஊரில் இருப்பவர், அவரையும் பாதிக்கு மேல் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறோம். தெருவில் ஓர் ஆள் இல்லை. ஒரு நாய் இல்லை. ஏதோ மரத்தில் மஞ்சள் பூவாகப் பூத்துத் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது, பெருக்கக்கூட ஆள் வெளியே வரவில்லை. காற்று அடிக்கிறது, ஆனால் காற்று மாதிரி இல்லை, அடுப்பைத் திறந்தால் முகத்தில் வருமே அது மாதிரி. இடது பக்கமே போய்ப் பார்ப்போம்.

கைக்கு என்ன ஆயிற்று. முழங்கையில் வெள்ளைக் கோடுகள், துடைத்தால் மாவு மாதிரி வருகிறது. நக்கிப் பார்த்தேன், உப்பு. உப்பா. உப்பு எங்கிருந்து வந்தது. வேர்க்காமல் உப்பு எப்படி வரும், வேர்த்தால்தானே, அப்படியானால் வேர்த்திருக்கிறது, அப்படியானால் இவ்வளவு நேரமும் வேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது, சட்டையில் ஒட்டுமுன் வெயில் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அட முட்டாளே. கடலூர்க் காற்றில் வேர்வை போக இடமில்லாமல் உடம்பிலேயே கிடக்கும், அதை வைத்து வெயிலை அளந்து பழகிய புத்தி. சட்டை காய்ந்திருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு நடந்தேனே, காய்ந்தது சட்டையா நானா. இதைத்தான் வேற மாதிரி வெயில் என்று அவள் சொல்லியிருக்கிறாள், நான் ஜோக் அடித்தேன். சரி, பதற வேண்டாம். நடக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது, நடந்தால் பிடிக்கிறது. தலைக்குள் ஒரு பக்கம் மட்டும் இடி. நிழல் என்று பார்த்தால் தபால் பெட்டிகளை மொத்தமாக ஓரிடத்தில் நட்டு வைத்திருக்கிறார்களே, அதன் அடியில் ஒரு முழம் நிழல், அதில் உட்கார்ந்தால் தலை நிழலில் கால் வெயிலில். உட்கார்ந்தேன். விசாலம் சொல்வாள், "ஏங்க, உங்க வீம்புக்கு ஒரு மீட்டர் மாட்டணும்ங்க, அது ஓடுற ஓட்டத்துக்கு நீங்கதான் பில்லு கட்டணும்." போன வருஷம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூடக் கேலி பண்ணிக்கொண்டுதான் இருந்தாள். அவள் இல்லாத அந்த வீட்டுக்கு நான் ஏன் இப்படிப் பறக்கிறேன் என்று மங்கை ஒரு நாள் கேட்டாள். அங்கே காலையில் வாசலுக்கு வந்தால் பால்காரர் என்னை இன்னும் ஈபி சார் என்றுதான் கூப்பிடுகிறார். இங்கே நான் மங்கையோட அப்பா, அதுவும் மங்கைக்கு மட்டும். இப்போது குளிர்கிறது. வெயிலில் குளிர்கிறது, கையில் மயிர் கூச்செறிகிறது. இது நல்லதில்லை என்று எனக்கே தெரிகிறது. பயமாக இருக்கிறது. இந்தத் தபால் பெட்டியடியில் நான் சரிந்தால் யார் பார்ப்பார்கள், சாயங்காலம் கடிதம் எடுக்க வருபவர் பார்ப்பார்.

எதிரே கதவு இருக்கிறது. தட்டினால் போதும். தட்டினால் என்ன ஆகும். முதலில் மணியில் இருக்கும் கேமரா என்னைப் பார்க்கும், கருப்பாக ஒரு கிழவன், காலில் ரப்பர் செருப்பு, யாரென்று கேட்கும், என் இங்கிலீஷ் அதற்குப் புரியாது. புரிந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள், ஆம்புலன்ஸ் வந்தால் சங்கு ஊதும், மங்கைக்குத் தெரியும், தெரிந்தால் டிக்கெட் போச்சு. அதற்கப்புறம் நான் ஜென்மத்துக்கும் வாய் திறக்க முடியாது, வாக்கிங் போகவே தெரியாதவர் கடலூரில் தனியாக இருப்பாராம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அதனால் தட்ட வேண்டாம், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நடந்தே போய்விடலாம். எந்தப் பக்கம் நடப்பது. மங்கையின் நம்பரைச் சொல்லலாம் என்றால் நம்பர் நினைவில் இல்லை, போனில் அவள் படத்தைத் தொட்டால் போகும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கடலூரில் நூறு வீட்டு சர்வீஸ் நம்பர் இன்னும் மனப்பாடம், பெற்ற பெண்ணின் போன் நம்பர் தெரியவில்லை. நடந்தே போகலாம். எழுந்தால் தெரு சாய்கிறது. மறுபடி உட்கார்ந்தேன். தட்டினால் டிக்கெட் போச்சு, தட்டாவிட்டால். தட்டாவிட்டால் என்னைப் பெட்டியில் வைத்து அதே விமானத்தில் அனுப்புவார்கள், மஞ்சக்குப்பம் போய்ச் சேர்ந்துவிடலாம். சிரிப்பு வந்தது, சிரித்தால் உதடு வெடிக்கிறது. அதில்லை, அதில்லை, மங்கையை நினை. மீட்டிங் முடிந்து அவள் வெளியே வருவாள், சோபாவைப் பார்ப்பாள், பாத்ரூம் கதவைப் பார்ப்பாள், சார்ஜரில் போனைப் பார்ப்பாள். அம்மா போனதையும் அவள் போனில்தான் கேட்டாள். அப்பாவையும் எவனோ போலீஸ்காரன் வந்து சொல்லிக் கேட்க வேண்டுமா. என் வீம்புக்கு அவளா பில் கட்டுவது. டிக்கெட் போனால் போகட்டும். எழுந்துவிட்டேன். தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு, காரா அது, கை சுட்டுவிட்டது, சரளைக்கல்லில் செருப்பு புரள நடந்து அந்தக் கதவுக்குப் போனேன். மணியைத் தொடவில்லை. கையால்தான் தட்டினேன், முப்பத்து மூன்று வருஷம் தட்டினது போலவே. வாய் தானாக "ஈபி" என்றது.

திறந்தது ஒரு பெண்மணி, என் வயதிருக்கும், குட்டையாக, தலை முழுக்க நரைத்து, ஏப்ரனோடு. நான் "வாட்டர்" என்றேன், அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. அவர் கேள்வி கேட்கவில்லை, என் கையைத் தொட்டுப் பார்த்தார், ஏதோ பாஷையில் சாமியைக் கூப்பிட்டார், அக்குளில் கை கொடுத்து உள்ளே இழுத்து நாற்காலியில் தள்ளினார். தண்ணீர் வந்தது. மடக்கென்று குடிக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்லோ ஸ்லோ என்கிறார், விசாலம் மாதிரியே அதட்டல். ஈரத் துண்டைப் பிழியாமல் தலையில் போட்டார், தண்ணீர் முதுகில் இறங்கியது, இப்போதுதான் சட்டை நனைகிறது. உப்பு பிஸ்கட் கொடுத்தார். போனை எடுத்து ஆம்புலன்ஸ் என்றார், நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன், நோ, டாட்டர், டாட்டர் என்றேன். டாட்டர் எங்கே, நம்பர் என்ன என்றால் என்ன சொல்ல. ஸ்ட்ரீட் பேரும் வாயில் வரவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, கூடத்தில் நாலு அடி நடந்து காட்டினார். நான்தான். நான் நடப்பதைத்தான் நடந்து காட்டுகிறார். தினமும் காலையில் ஜன்னலிலிருந்து உன்னைப் பார்க்கிறேன் என்றார், லெமன் ட்ரீ ஹவுஸ் என்றார், விரலைக் காட்டி ஒன், டூ, த்ரீ, ஃபோர், இங்கிருந்து நாலாவது வீடு என்றார். நாலாவது வீடா. நான் மங்கையின் தெருவிலேயே, மறுமுனை வழியாக வந்து, அடையாளம் தெரியாமல், நாலு வீடு தள்ளிச் சாகக் கிடந்திருக்கிறேன். பத்து நிமிஷம், உன் முகம் தெளியாவிட்டால் நீ கும்பிட்டாலும் கேட்க மாட்டேன், ஆம்புலன்ஸ்தான் என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு, துண்டை இன்னொரு தரம் நனைத்துப் போட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் இறங்கிப் போனார். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். சுவரில் ஏகப்பட்ட போட்டோக்கள், கல்யாணம், ஞானஸ்நானம், பட்டமளிப்பு, வீட்டில் வேறு யாருடைய சத்தமும் இல்லை. நான் தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டு திட்டு வாங்கத் தயாரானேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணும்மா, என்னால முடியல, ஒத்துக்கறேன், என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

மங்கை செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். காதில் மீட்டிங் மைக் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்பா" என்றாள், என் கையைப் பிடித்தாள், நெற்றியைத் தொட்டாள், மறுபடி கையைப் பிடித்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், பாதம் சுட்டுச் சிவந்திருந்தது, அந்தம்மாள் இன்னொரு துண்டை நனைத்து அவள் பாதத்தில் போட்டார். "டிக்கெட்ட..." என்று ஆரம்பித்தேன். "இருங்கப்பா, பேசாதீங்க" என்றாள். அந்தம்மாள் என்னைக் காட்டி மங்கையிடம் ஏதோ சொல்ல, அவள் கேட்டுக்கொண்டு தலையாட்டினாள், தாங்க்யூ தாங்க்யூ என்றாள், பிறகு தயங்கி ஒன்று கேட்டாள். அந்தம்மாள் நெஞ்சில் கை வைத்து "லூப்பே" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மங்கை பெயர் கேட்கிறாள். "உனக்கு இவங்களத் தெரியாதாம்மா? நாலாவது வீடாச்சே." அவள் ஈரத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியாதுப்பா. இந்தத் தெருவுல ஒம்பது வருஷமா இருக்கேன். ஒரு வீட்டுக் கதவத் தட்டினதில்ல. கார்லயே கராஜுக்குள்ள போறேன், கார்லயே வெளிய வர்றேன். அம்மா போன அன்னைக்கு அவரும் ஊர்ல இல்ல. விடிய விடிய நான் மட்டும் சமையல்கட்டுத் தரையில உட்காந்திருந்தேன். யார்கிட்டயாவது போய் எங்கம்மா செத்துட்டாங்கன்னு சொல்லணும்னு இருந்துச்சு. எந்தக் கதவத் தட்றதுன்னு தெரியல." நாலு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், இதை நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. தனியா எப்படி இருப்பீங்க தனியா எப்படி இருப்பீங்க என்று அவள் கேட்டதையெல்லாம் நான் என்னைப் பற்றி என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் தலையில் கையை வைத்தேன், சின்னப் பிள்ளையில் வைப்பதுபோல. "நான் போகலம்மா" என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "அதெல்லாம் வேணாம். மே மாசம் போங்க. நீங்க அங்கதான் நல்லா இருப்பீங்க, எனக்குத் தெரியும். ஆனா அதுக்குள்ள எனக்கு இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு வீட்டப் பழக்கிவிட்டுட்டுப் போங்கப்பா" என்றாள்.